மோட்டாரை எடுக்குமா இந்த ஜெனரேட்டர்?

கேள்வி: வேதாரண்யம் பக்கத்தில் எங்கள் வீடு. கஜா புயலுக்குப் பிறகு பல நாள் கரண்ட் இல்லாமல் தவித்தோம். இந்த ஐப்பசி மழைக்குள் ஒரு ஜெனரேட்டர் வாங்கிவிட நினைக்கிறோம். 1 எச்பி சப்மெர்சிபிள் மோட்டார், ஒரு ஃபிரிட்ஜ், நான்கு ஃபேன், லைட்டுகள் இருக்கின்றன. அம்மாவுக்கு 5 லிட்டர் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரும் ஓடுகிறது. கடையில் 2 கேவிஏ (ஜெனரேட்டரின் திறன் அளவு) போதும் என்கிறார்கள். போதுமா?

பதில்: மோட்டாரை விட்டுவிட்டால் போதும். மோட்டாரையும் சேர்த்தால் போதாது.

கணக்கைப் பாருங்கள். நான்கு ஃபேனுக்கு 300 வாட், லைட்டுகளுக்கு 100, ஃபிரிட்ஜ் ஓடும்போது 200, கான்சன்ட்ரேட்டருக்கு 350. எல்லாம் சேர்ந்து 950 வாட்தான். மோட்டார் கதை வேறு. 1 எச்பி என்பது 746 வாட் என்று படித்திருப்போம். அது மோட்டார் வெளியே தரும் சக்தி. அதற்காக அது இழுப்பது ஆயிரம் வாட்டுக்கு மேல். ஸ்டார்ட் ஆகும் அந்த ஓரிரு நொடியில் மூன்று மடங்குக்கும் கூடுதலாக இழுக்கும். சின்ன ஜெனரேட்டர் அதைத் தாங்காது. வோல்டேஜ் இறங்கும், மோட்டார் சுற்றாமல் உறுமும். அப்படியே விட்டால் காயில் கருகிவிடும். அப்புறம் போரிலிருந்து குழாயோடு மோட்டாரை மேலே இழுக்கும் செலவு தனி.

அதனால் மோட்டாருக்கும் வேண்டுமென்றால் 5 கேவிஏவுக்குக் குறைந்து வாங்காதீர்கள். ஆனால் உங்கள் வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அம்மாவின் மெஷின் ராத்திரி முழுக்க ஓட வேண்டும். 350 வாட்டுக்காக 5 கேவிஏ இன்ஜினை விடிய விடிய ஓட்டினால் பெட்ரோல் வீணாகத்தான் போகும். இன்வெர்ட்டர் வகை 2 கேவிஏ ஜெனரேட்டர் வாங்குங்கள். சத்தம் குறைவு, வோல்டேஜ் சீராக வரும், பாதி லோடில் மணிக்கு சுமார் அரை லிட்டர்தான் குடிக்கும்.

தண்ணீருக்குப் பக்கத்து இரண்டு மூன்று வீட்டாரோடு சேர்ந்து, சக்கரம் வைத்த ஒரு 5 கேவிஏ வாங்கலாம். ஒரு வீட்டுத் தொட்டி நிரம்ப அரை மணி, முக்கால் மணி போதும். அடுத்த வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடலாம்.

ஜெனரேட்டர் இருக்கிறதே என்று அம்மா விஷயத்தில் மட்டும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மணிக்கு அரை லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 12 லிட்டர். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கும் பெட்ரோல் 30 லிட்டர். அது இரண்டரை நாள்தான் வரும். புயலுக்குப் பிறகு பங்க்கிலும் கரண்ட் இருக்காது. ஒரு பி-டைப் ஆக்ஸிஜன் சிலிண்டரை ரெகுலேட்டரோடு தயாராக வையுங்கள். அதில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 12 மணி நேரம் ஓடும். அம்மாவுக்கு எத்தனை லிட்டர் என்பதை டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எலெக்ட்ரீஷியன் இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒரு ஒயரைத் தந்து, ஜெனரேட்டரிலிருந்து வீட்டுப் பிளக் பாயிண்டில் சொருகினால் வீடு முழுக்கக் கரண்ட் வரும் என்கிறார். சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் செலவு மிச்சமாம். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த ஒயரை இன்றைக்கே வெட்டிப் போடுங்கள்.

உங்கள் வீட்டுக்குள் விட்ட கரண்ட் மீட்டர் வழியாக வெளியே போகும். தெருக் கம்பியில் ஏறும். டிரான்ஸ்ஃபார்மருக்குப் போனால் அது தலைகீழாக வேலை செய்து, 230 வோல்ட்டை 11,000 வோல்ட் பக்கத்துக்கு ஏற்றிவிடும். லைன் ஆஃபில் இருக்கிறது என்று நம்பி ஒருவர் கம்பத்தில் நிற்பார். 2018 நவம்பர் 16 கஜா கரை கடந்த பிறகு, வெளி மாவட்டங்களிலிருந்து வந்த லைன்மேன்கள் சேற்றில் கம்பம் நட்டுக்கொண்டிருந்ததை டெல்டாவில் எல்லோரும் பார்த்தோம். எங்கள் தெருவில் கம்பத்தடியில் நின்ற ஒருவர் ஏறுவதற்கு முன், ‘யார் வீட்டிலாவது ஜெனரேட்டர் ஓடுதா? நிறுத்துங்க’ என்று நான்கு பக்கமும் திரும்பிக் குரல் கொடுத்தார். பதில் வரும்வரை ஏணியில் கால் வைக்கவில்லை. அந்தக் குரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மெயினை இறக்கிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். இருட்டில், மழையில், அவசரத்தில் ஒரு நாள் மறந்துபோகும். பழைய வீடுகளில் பியூஸைப் பிடுங்கினாலும் ஃபேஸ் மட்டும்தான் துண்டாகும். இன்னொன்று, பிளக் கழன்றால் வெளியே தெரியும் அதன் பின்களில் கரண்ட் இருக்கும். பிள்ளைகள் இருக்கும் வீடு.

ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் போடுங்கள். ஒரு பக்கம் மின்வாரியம், மறு பக்கம் ஜெனரேட்டர், நடுவில் இரண்டும் இல்லை. இரண்டும் ஒன்று சேரவே வழி இருக்காது. எர்த்தும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மழையில் நனையாமல் ஜெனரேட்டரை வராந்தாவில் வைத்து ஓட்டலாமா?

பதில்: கூடாது. கார் ஷெட்டிலும் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று தொடங்கும். தூங்குகிறவர்களுக்கு அதுவும் தெரியாது. ஜன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி, நாலு பக்கமும் திறந்த தகரக் கூரை ஒன்று போட்டு அதற்குக் கீழே வையுங்கள். புகைக்குழாய் வீட்டைப் பார்க்காமல் இருக்கட்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றவே வேண்டாம்.

கேள்வி: வாங்கும்போது கடையில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் ‘மேக்சிமம்’. அது சில நிமிடத்துக்குத்தான். ‘ரேட்டட்’ எவ்வளவு என்று பாருங்கள், அதுதான் தொடர்ந்து தரக்கூடியது. மோட்டாருக்காக வாங்குகிறீர்கள் என்றால், வீட்டுக்குக் கொண்டுவந்து மோட்டாரை ஓட்டிக் காட்டிய பிறகே முழுப் பணம் என்று பேசிக்கொள்ளுங்கள். பில்லில் இன்ஜின் நம்பரும், ‘1 எச்பி மோட்டாருக்காக’ என்ற வரியும் இருக்கட்டும். பின்னால் தகராறு வந்தால் அந்த ஒரு வரி பெரிய துணை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.

வாங்கியபின் மாதம் ஒரு முறை, ஃபேன், ஃபிரிட்ஜ் என்று லோடு கொடுத்துக் கால் மணி ஓட்டுங்கள். நிறுத்தும்போது ஸ்விட்சை அணைக்காமல் பெட்ரோல் வால்வை மூடி, தானாக நிற்க விடுங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுத்துக்கொண்டு கார்புரேட்டரிலேயே தங்கினால் பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும். முதல் 20 மணி நேரம் ஓடியதும் ஆயிலை மாற்றுங்கள். ஓடிய மணிக்கணக்கை எழுத ஓர் அட்டையை ஜெனரேட்டரின் கைப்பிடியிலேயே கட்டிவிடுங்கள்.