இருங்காட்டுக்கோட்டை ரேஸுக்கு பைக்கில் போகிறீர்களா? திங்கட்கிழமையில் இருந்து திட்டம் போடுங்கள்

மதுரையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "என்னிடம் 160 சிசி பைக் இருக்கிறது, வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. இருங்காட்டுக்கோட்டையில் நடக்கிற தேசிய பைக் ரேஸைப் பார்க்க நானும் நண்பனும் ஒரே வண்டியில் போகலாம் என்று இருக்கிறோம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ராத்திரி 9 மணிக்குக் கிளம்பினால் விடியும்போது போய்ச் சேர்ந்துவிடலாம். ரெண்டு நாளும் பார்த்துவிட்டு ஞாயிறு சாயங்காலம் கிளம்பினால் திங்கள் காலை ஷிப்டுக்கு வந்துவிடலாம். எந்த ரூட் நல்லது, வண்டியில் என்னென்ன மாற்ற வேண்டும்?"

ரூட்டும் சொல்கிறேன், வண்டியைப் பற்றியும் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த ஞாயிறு சாயங்காலத்தைப் பேசிவிடுவோம், ஏனென்றால் உங்கள் திட்டத்தில் இடிக்கிற இடம் அதுதான்.

நான் திருச்சியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இந்த ரேஸுக்கு முதல் தடவை போனபோது நீங்கள் சொன்ன அதே கணக்கைத்தான் நானும் போட்டேன், ராத்திரி போவது, ராத்திரி திரும்புவது. போகும்போது ஒன்றும் தெரியவில்லை, ஆசை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ரெண்டு நாள் வெயிலில் நின்றுவிட்டு ஞாயிறு அஞ்சரைக்குக் கிளம்பினோம். மதுராந்தகம் ஏரி வந்தது நினைவிருக்கிறது, அதற்கப்புறம் மேல்மருவத்தூர் எப்போது வந்து எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. கண் திறந்துதான் இருந்தது, வண்டியும் நேராகத்தான் போயிருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருந்த நண்பன் தூங்கி விழுந்து அவன் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் டக்கென்று இடித்தபோதுதான் எனக்கே முழிப்பு வந்தது. திண்டிவனத்துக்கு முன்னால் ஒரு டீக்கடை பெஞ்சில் ரெண்டு பேரும் படுத்தோம், எழுந்தபோது மணி 2.

தூக்கம் மட்டும் இல்லை. ரெண்டு நாள் முழங்கால் தரையில் உரச வளைக்கிறவர்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் நம் கையும் சும்மா இருக்காது. ரேஸ் முடிந்த சாயங்காலம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ரோட்டில் நின்று பாருங்கள், 150 சிசி வண்டியில் டேங்க் மேல் படுத்துக்கொண்டு எத்தனை பேர் போகிறார்கள் என்று. ரேஸர்கள் வளைக்கிற ட்ராக்கில் எதிரே டிராக்டர் வராது. நம் ரோட்டில் வரும், அதுவும் ராங் சைடில், லைட் இல்லாமல் வரும்.

அதனால் திட்டத்தைத் திங்கட்கிழமையில் இருந்து பின்னோக்கிப் போடுங்கள். வெள்ளி, திங்கள் ரெண்டு நாளும் லீவு கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்: வெள்ளி விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி மதியம் போய்ச் சேருங்கள், ஞாயிறு ராத்திரி அங்கேயே தங்கி, திங்கள் விடியற்காலை கிளம்புங்கள். ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் அந்த ஒரு நாளை திங்கட்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை விடியற்காலை கிளம்புங்கள், சனி முற்பகல் போனால் போகட்டும். ஞாயிறு மூணரை மணிக்கு ட்ராக்கை விட்டுக் கிளம்பினால் விழுப்புரம் சுமார் 150 கிலோமீட்டர், இருட்டுகிற நேரத்துக்குப் போய்விடலாம். அங்கே ஒரு ரூம் போட்டுப் படுத்து, மறுநாள் 4 மணிக்கு எழுந்து கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் மதுரை. லீவே கிடையாது என்றால் ரயிலில் போய்விட்டு வாருங்கள் தம்பி, ரேஸ் பார்க்க பைக்கில்தான் வர வேண்டும் என்று சட்டம் இல்லை.

"மூணரைக்குக் கடைசி ரேஸ் முடிந்துவிடுமா?" என்று கேட்பீர்கள். அச்சடித்த அட்டவணையில் முடியும். ஆனால் ஒரு ரேஸில் யாராவது விழுந்து வண்டி ட்ராக் நடுவில் கிடந்தால் சிவப்புக் கொடி காட்டி நிறுத்துவார்கள், ட்ராக்கைச் சுத்தம் பண்ணி மறுபடி ஸ்டார்ட் கொடுப்பார்கள். இப்படி ரெண்டு தடவை நடந்தாலே எல்லாம் தள்ளிப்போய்விடும். மழை வந்தால் இன்னும் மோசம். கடைசி ரேஸ் என்னவாக இருந்தாலும் நாம் கிளம்புகிற நேரம் இது என்று ரெண்டு பேரும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் நின்றுகொண்டு முடிவு செய்தால் முடிவு எப்போதும் "இன்னும் ஒரே ஒரு ரேஸ் மச்சான்" என்றுதான் வரும்.

லீவு கேட்பதற்கு முன்னால் இன்னொன்று. நீங்கள் போகிற சுற்று இருங்காட்டுக்கோட்டையில்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேசிய சாம்பியன்ஷிப்பின் சுற்றுகள் பெரும்பாலும் இங்கேதான், ஆனால் கோயம்புத்தூர் பக்கமும் போவதுண்டு, செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அங்கே என்றால் மதுரையில் இருந்து பாதி தூரம்தான், இந்தப் பேச்சே வேறாகிவிடும். தேதியும் மாறும். நடத்துகிற மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் இணையப் பக்கத்தில் அந்த வாரமே ஒரு தடவை பார்த்து, நுழைவு எப்படி, ரேஸ் வண்டிகளைத் தயார் பண்ணுகிற பேடாக்குக்குள் விடுவார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

சரி, ரூட். மதுரையில் இருந்து ட்ராக் ஏறக்குறைய 450 கிலோமீட்டர். பலரும் செய்கிற தப்பு, சென்னை என்று கேள்விப்பட்டதும் தாம்பரம் வரைக்கும் போய், ஊருக்குள் மாட்டி, பூந்தமல்லி வழியாகத் திரும்பி வருவது. ட்ராக் சென்னைக்குள் இல்லை, பெங்களூரு ஹைவேயில் ஸ்ரீபெரும்புதூருக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் இருக்கிறது. நீங்கள் திருச்சி, பெரம்பலூர், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு என்று வந்து, பரனூர் டோல் தாண்டி சிங்கப்பெருமாள்கோவிலில் இடது பக்கம் ஒரகடம் ரோட்டைப் பிடியுங்கள். அது நேராக ஸ்ரீபெரும்புதூரில் கொண்டுபோய் விடும், அங்கிருந்து சென்னைப் பக்கம் கொஞ்ச தூரம்தான். இந்த ஒரகடம் ரோடு பைக் பைத்தியங்களுக்கு ஒரு தனி சந்தோஷம், ராயல் என்ஃபீல்டு, யமஹா ரெண்டு ஃபாக்டரியும் அந்தப் பக்கம்தான். ஆனால் வேடிக்கை பார்த்துக்கொண்டு ஓட்டுகிற ரோடு இல்லை. கார் ஏற்றிய நீள டிரெய்லரும் கன்டெய்னரும் ஓயாமல் திரும்புகிற இடம், டிரெய்லர் திரும்பும்போது அதன் இடது பக்கம் காலியாகத் தெரிகிற சந்தில் நுழையாதீர்கள், பின்சக்கரம் அந்தச் சந்தை மூடிக்கொண்டுதான் வரும்.

வழியில் டோல்கேட் நிறைய வரும், நமக்குக் கட்டணம் கிடையாது, இடது ஓரத்தில் பைக்குக்கென்று விட்டிருக்கிற பாதையில் மெதுவாகப் போங்கள், மணல் கிடக்கும். திருச்சியில் ஊருக்குள் போகாமல் பைபாஸிலேயே காவிரிப் பாலத்தைத் தாண்டிவிடுங்கள், சமயபுரம் டோலுக்கு அப்பால் காலை டிபன். இட்லி, பொங்கல் ஏதாவது ஒன்று, அளவாக. மதியம் வழியில் பிரியாணி வேண்டாம், அதை ஊர் போய்ச் சேர்ந்தபிறகு சாப்பிடுங்கள். பெரம்பலூரில் இருந்து உளுந்தூர்பேட்டை வரைக்கும் ரோடு சும்மா நேராகக் கிடக்கும், கண்ணைச் சொக்க வைக்கிறது அந்த நேர்கோடுதான். அங்கே தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒரு தடவை நிறுத்துங்கள். மொத்தத்தில் 80 கிலோமீட்டருக்கு ஒரு முறை பத்து நிமிஷம் என்று வைத்தால் ஒன்பது மணி நேரம் ஆகும். வேகம் எழுபது, எழுபத்தைந்து போதும். நான்குவழிச் சாலையில் பைக்குக்கு மத்திய அரசு வைத்திருக்கிற உச்சவரம்பே 80தான், தவிர உங்கள் 160 சிசி ரெண்டு ஆளோடு 90க்கு மேல் போனால் கத்துமே தவிர, ஊர் சீக்கிரம் வராது.

வண்டியில் என்ன மாற்றுவது? அநேகமாக ஒன்றும் இல்லை. டயர் மட்டும் சந்தேகம். ஆறு வருஷ வண்டி என்கிறீர்கள், டயரும் அதோடு வந்ததுதானா? டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019இல் 23ஆவது வாரம் செய்த டயர் என்று அர்த்தம். பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும், முதல் மழையில் பிரேக் பிடிக்கும்போது தெரியும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், ஓரத்தில் மெல்லிய வெடிப்பு ஓடுகிறதா பாருங்கள். சந்தேகமாக இருந்தால் பின்டயரையாவது மாற்றிவிடுங்கள், மாற்றியபின் நூறு கிலோமீட்டராவது ஊருக்குள்ளேயே நிதானமாக ஓட்டிவிட்டு அப்புறம் கிளம்புங்கள், புது டயர் வழுக்கும். காற்று, ரெண்டு ஆளுக்கு எவ்வளவு என்று செயின் கவர் பக்கம் ஸ்டிக்கரிலோ புத்தகத்திலோ தனியாகப் போட்டிருப்பார்கள், அதைக் கிளம்புவதற்கு முன்னால் டயர் குளிர்ந்திருக்கும்போதே பிடித்துவிடுங்கள். பாதி வழியில் சூடான டயரைச் சோதித்துவிட்டு "அதிகமா இருக்கு" என்று இறக்கிவிடாதீர்கள்.

சர்வீஸை முதல் நாள் விடாதீர்கள். எங்கள் தொழிலில் இதை வெளியே சொல்ல மாட்டார்கள், ஆனால் சர்வீஸ் முடிந்த வண்டியில்தான் ஒரு நட்டு லூஸாக இருக்கும், ஒரு கேபிள் தப்பாக வளைந்திருக்கும். பத்து நாள் முன்பே விட்டு, நாலு நாள் ஆபீஸுக்கு ஓட்டினால் அதெல்லாம் வெளியே வந்துவிடும். பிரேக் பேட், ஆயில், செயின் டென்ஷன், ஹெட்லைட் அவ்வளவுதான் கேளுங்கள். டென்ஷனை ரெண்டு பேர் உட்கார்ந்த எடையை மனதில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ரொம்ப இறுக்கினாலும் கெடுதல். செயினுக்கு லூப் (எண்ணெய் ஸ்ப்ரே) அடிப்பது கிளம்பும் முந்தின ராத்திரி, வண்டியை ஒரு சுற்று ஓட்டிச் செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது. காலையில் அடித்தால் அத்தனையும் ரிம்மிலும் நண்பன் பேன்ட்டிலும்தான் இருக்கும். போய்ச் சேர்ந்தபின் இன்னொரு தடவை.

ஸ்பேரில் கிளட்ச் கேபிள் ஒன்று கட்டாயம். அதைப் பையில் போடாதீர்கள், இருக்கிற கேபிளின் கூடவே படுக்க வைத்து மூன்று இடத்தில் டை போட்டு விடுங்கள். அறுந்தால் ரெண்டு முனையையும் மாட்ட வேண்டியதுதான், இருட்டில் டேங்க்கைக் கழற்றிக்கொண்டு நிற்க வேண்டாம். ட்யூப்லெஸ் என்றால் பஞ்சர் கிட், ஒரு கைப்பம்பு, ரெண்டு ஃப்யூஸ், போதும். சைலன்ஸரை மாற்றிச் சத்தம் கூட்டுகிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், வழியில் நிறுத்துவார்கள் என்பது ஒரு பக்கம், ஒன்பது மணி நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்கப்போவது நீங்கள்தான்.

ரெண்டு பேர் ஒரு வண்டி என்பதால் சாமான் ஒரு பைதான். டேங்க் மேல் காந்தப் பை வைக்கலாம், இல்லை என்றால் பின்னால் உட்காருகிறவர் முதுகில். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறால் பின்னால் கட்டினால் தொங்குகிற நுனியை மடக்கிச் செருகுங்கள், அது செயினில் சிக்கினால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். ரெயின்கோட் கைக்கு எட்டுகிற மாதிரி மேலே இருக்கட்டும், சென்னைப் பக்கம் ஆடி, ஆவணியில் பகலெல்லாம் காய்ந்துவிட்டு சாயங்காலம் இடியோடு கொட்டும். ஹெல்மெட் ரெண்டு பேருக்கும், ஐஎஸ்ஐ முத்திரையோடு.

தங்குவதற்கு ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் போதும், கம்பெனி ஆட்கள் வந்து போகிற ஊர் என்பதால் லாட்ஜ் உண்டு, முன்பே போன் பண்ணிவிடுங்கள், வண்டியை உள்ளே விட இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சென்னைக்குள் ரூம் போட்டால் காலையும் மாலையும் பூந்தமல்லி டிராபிக்கில்தான் உங்கள் ரேஸ்.

ட்ராக்கைப் பற்றிக் கொஞ்சம். 1990இல் திறந்தது, அதற்கு முன்பெல்லாம் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில்தான் ரேஸ். ட்ராக்கை ஒரு தடவை சுற்றி வந்தால், அதாவது ஒரு லேப், 3.717 கிலோமீட்டர். ஒவ்வொரு ரேஸும் சில லேப்தான், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், அப்புறம் ஒரு இடைவெளி, அடுத்த வகுப்பு. இது தெரியாமல் போகிறவர்கள் பெரிய வண்டி ரேஸுக்காகக் காத்திருந்து 165 சிசி ரேஸ் நடக்கும்போது சாப்பிடப் போய்விடுவார்கள். என்னைக் கேட்டால் அந்த 165தான் பார்க்க வேண்டியது. எல்லா வண்டிக்கும் சக்தி ஏறக்குறைய ஒன்று என்பதால் யாரும் தனியாகப் பிரிந்து ஓட முடியாது, ஏழெட்டுப் பேர் ஒட்டிக்கொண்டே வருவார்கள். முன்னால் போகிறவன் காற்றைக் கிழிக்க, பின்னால் வருகிறவன் அந்த நிழலில் பதுங்கி வந்து நேர்ப்பாதை முடிவில் வெளியே எட்டிப் பாய்வான். கடைசி லேப் தொடங்கும்போது முன்னால் இருக்கிறவன்தான் ஜெயிப்பான் என்று பந்தயம் கட்டாதீர்கள். மெயின் ஸ்ட்ரெய்ட் முடிந்து முதல் வளைவுக்குத் திரும்புகிற பக்கமாகப் பார்வை கிடைக்கிற இடத்தில் நில்லுங்கள், யார் பிரேக்கைக் கடைசியாகத் தொடுகிறார் என்று தெரியும்.

நிழல் குறைவு. தொப்பி, ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணீர், மருந்துக்கடையில் கிடைக்கிற ஃபோம் இயர்ப்ளக், உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ரெண்டு. ஞாயிறு மதியம் ஒரு மணி நேரம் எங்கேயாவது நிழல் பார்த்துச் சாய்ந்துவிடுங்கள், அது ரேஸ் பார்க்காமல் விட்ட நேரம் இல்லை, விழுப்புரம் வரை ஓட்டுவதற்கான நேரம்.

நண்பருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அதோடு அவர் ஓட்டிப் பழகியவர் என்றால், நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும் கை மாற்றிக்கொள்ளுங்கள். இல்லை என்றால் போக வர 900 கிலோமீட்டரும் நீங்கள் ஒருவர்தான், அப்படியானால் விழுப்புரம் ரூமை இன்றைக்கே போட்டுவிடுங்கள்.