எதற்குக் கேட்கிறீர்கள் என்று கேட்டால்?

கேள்வி: எங்கள் தெருவில் போட்ட சிமென்ட் சாலை ஆறே மாதத்தில் பெயர்ந்துவிட்டது. செலவுக் கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு 40 நாளாகியும் பதில் இல்லை. நேரில் போனால் "உங்களுக்கு எதற்கு இது?" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: காரணம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, பிரிவு 6(2) அதைத் தெளிவாகச் சொல்கிறது. உங்கள் மனு கைக்குக் கிடைத்த 30 நாளுக்குள் அவர்கள் பதில் தந்திருக்க வேண்டும். கெடு முடிந்ததில் இருந்து அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதாவது இன்னும் 20 நாள்தான் இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள். பழைய மனுவின் நகலையும் அஞ்சல் ஒப்புகை அட்டையின் நகலையும் இணைத்து, தாமதமானதால் பிரிவு 7(6)-ன்படி நகல்களை இலவசமாகத் தர வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அங்கும் நடக்கவில்லை என்றால், சரி, 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தகவல் தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

அப்புறம் ஒன்று. "செலவுக் கணக்கு" என்று பொதுவாகக் கேட்காமல் மதிப்பீடு, அளவுப் புத்தகம் (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு), பில் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பது நல்லது. 1990களில் ராஜஸ்தான் கிராமத்துக் கூலித் தொழிலாளர்கள் வருகைப் பதிவேட்டையும் பில்லையும் காட்டச் சொல்லிப் போராடியதும் இந்தச் சட்டத்துக்கு ஒரு முக்கியக் காரணம். சாலையில் போட்ட சிமென்ட்டின் மாதிரியை எடுத்துத் தரச் சொல்லவும் பிரிவு 2(ஜே) போன்ற சிக்கலான பிரிவுகளைத் தேட வேண்டாம், "பணியை நேரில் பார்வையிட்டு, சான்றிட்ட மாதிரி பெற விரும்புகிறேன்" என்று தனி மனுவில் எழுதினாலே போதும்.