தலையாட்டினால் வணக்கம் என்று அர்த்தமா?

கேள்வி: மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று ஃப்ளோரிடா வந்திருக்கிறேன். ஃபோர்ட் லாடர்டேலில் வீடு, கொல்லைப்பக்கமே கால்வாய். காலையில் மூன்று நான்கு இகுவானாக்கள் (ஓணான் மாதிரி, ஆனால் ரொம்பப் பெரிய பல்லி) கரைச்சுவரில் ஏறி வெயில் காய்கின்றன. அதில் ஒன்று ரொம்பப் பெரிசு, ஆரஞ்சு நிறம். என்னைப் பார்த்தால் தலையை ஆட்டுகிறது. வாழைப்பழமும் தோசைத் துண்டும் போட்டதில் இப்போது வாசற்படி வரை வருகிறது. சாமிக்கென்று வளர்க்கும் செம்பருத்தியையும் தின்றுவிடுகிறது, போகட்டும். நாலு வயசுப் பேத்தி தடவிப் பார்க்க வேண்டும் என்கிறாள். மாப்பிள்ளைக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அதை என்னோடு நன்றாகப் பழக வைக்க என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, ஃபோர்ட் லாடர்டேல்

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் ஆசை புரிகிறது. ஊரை விட்டு வந்து, பகலெல்லாம் வீட்டில் தனியாக இருக்கும்போது, தினமும் தவறாமல் வந்து போகிற ஒரு ஜீவன் மேல் பாசம் வராமல் என்ன செய்யும்? ஆனால் அந்தத் தலையாட்டல் வணக்கம் இல்லை. ஆரஞ்சு நிறம் ஏறிய பெரிய இகுவானா என்றால் அது இனப்பெருக்கக் காலத்தில் இருக்கிற ஆண். தலையை ஆட்டி, கழுத்துக்குக் கீழே தொங்கும் தோலை விரித்துக் காட்டினால், "இது என் இடம்" என்று அறிவிக்கிறது. உங்களிடம் மட்டுமல்ல, பக்கத்தில் வரும் இன்னொரு ஆணிடமும் இதையேதான் சொல்லும். பக்கவாட்டில் திரும்பி, உடம்பைத் தட்டையாக்கி, வாலை வளைத்துக்கொண்டு நின்றால் உடனே பின்வாங்கிவிடுங்கள். அடுத்து வருவது வாலடி. பெரிய ஆண்கள் வாலோடு சேர்த்து ஐந்தடிக்கு மேலும் வளரும், ஏழெட்டுக் கிலோ வரை இருக்கும். அதன் வாலடி சுளீரென்று விழும். இலையை அறுப்பதற்கென்றே அமைந்த பற்கள், சின்னதாக இருந்தாலும் ரம்பம் மாதிரி.

இனி தீனி. தோசையை இன்றே நிறுத்துங்கள். இது நம்மூர் உடும்பு மாதிரி கண்டதைத் தின்னும் ஜாதியில்லை, முழுக்க இலை தழை தின்பது. தின்ற இலையைக் குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் புளிக்க வைத்துத்தான் அதற்குச் செரிக்கும். காலையிலிருந்து அது வெயில் காய்வதில் பாதி அந்தச் செரிமானத்துக்காகத்தான். அரிசி மாவும் உப்பும் அதற்கு எதற்கு?

சரி, வாழைப்பழமாவது போடலாமே என்பீர்கள். அதுவும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். காரணம் வேறு. இகுவானாவுக்கு ஃப்ளோரிடா சொந்த ஊர் இல்லை. மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவும்தான் அதன் பூமி. 1960களில் மயாமி பக்கம் முதலில் தென்பட்டது. வளர்த்தவர்கள் விட்டதும் தப்பி ஓடியதுமாகப் பெருகி, இன்று தென் ஃப்ளோரிடாவின் எந்தக் கால்வாய்க் கரையிலும் பார்க்கலாம். அங்கே அதற்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. வதைக்கக் கூடாது, அவ்வளவுதான். மற்றபடி வீட்டுக்காரர் தன் இடத்தில் வருவதைக் கொல்லலாம், ஆள் வைத்தும் பிடிக்கலாம். அதற்கென்றே தொழில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பிடித்ததை வேறு இடத்தில் கொண்டுபோய் விட அனுமதி இல்லை. 2021இல் தடை செய்யப்பட்ட உயிரினங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டதால், புதிதாக ஒன்றைப் பிடித்துச் செல்லமாக வளர்ப்பதும் ஆகாது.

இப்போது யோசியுங்கள். ஆள் நிழல் கண்டால் தொப்பென்று தண்ணீரில் குதிக்கும் இகுவானாவைப் பிடிப்பது லேசில்லை. உங்கள் கையில் பழம் தின்று பழகியது பக்கத்து வீட்டுப் படியிலும் போய் நிற்கும். பிடிக்க வருகிறவர் கையில் முதலில் மாட்டுவது அதுதான். நீங்கள் ஊர் திரும்பிய பிறகு அதற்கு மனுஷன் மேல் இருக்கும் நம்பிக்கை மட்டும் மிச்சமிருக்கும். அதனால் அது உங்களைப் பார்த்துக் கொஞ்சம் பயப்படட்டும்.

மாப்பிள்ளையையும் குறை சொல்ல மாட்டேன். பெண் இகுவானா முட்டையிட வளை தோண்டும், ஒரு ஈட்டில் எழுபது முட்டைக்கு மேல்கூட இருக்கலாம். அந்த வளைகள் கரைச்சுவருக்குப் பின்னால் போனால் மண் சரிந்து சுவரே விழும், செலவு அவர் தலையில். பிப்ரவரி வாக்கில் சுவரோரம் புது மண் குவிந்திருந்தால் அவரிடம் சொல்லிவிடுங்கள். நீங்களே தகவல் சொன்னால் வீட்டில் சண்டையும் குறையும்.

பழக வேண்டாம் என்கிறேனே தவிர, பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தினமும் ஒரே இடத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள், பத்துப் பதினைந்து அடி தள்ளி. நின்றுகொண்டு மேலிருந்து எட்டிப் பார்க்காதீர்கள். உச்சந்தலையில் வெளிறிய செதில் மாதிரி ஒன்று தெரியும் பாருங்கள், அது மூன்றாவது கண். உருவம் பார்க்காது, வெளிச்சமும் நிழலும் தெரியும். மேலிருந்து நிழல் விழுந்தால் பருந்து என்று ஓடிவிடும்.

விடிந்ததும் உடம்பு கருத்து மந்தமாக இருக்கும், வெயில் ஏற ஏற நிறம் தெளியும். அப்புறம் திடீரென்று தும்மும். சளி பிடித்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். உடம்பில் சேர்ந்த அதிகப்படி உப்பை மூக்கு வழியாக வெளியேற்றுகிறது. மூக்கோரத்தில் வெள்ளையாகப் பொடி படிந்திருப்பது அதுதான். எது எது என்று அடையாளம் வைக்க வாலைப் பாருங்கள். அறுந்து மறுபடி முளைத்த வால் பட்டையில்லாமல் ஒரே கருப்பாக இருக்கும். முதுகு முட்களில் எது உடைந்திருக்கிறது என்பதும் ஆளுக்கு ஆள் வேறுபடும். வேண்டுமானால் பெயர் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் நீங்கள் காபி குடித்துக்கொண்டிருக்க, அது கண்ணை மூடி வெயில் காய்ந்துகொண்டிருந்தால், அதற்கு மேல் என்ன சிநேகம் வேண்டும்?

பேத்தி விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். தொடக் கூடாது. ஊர்வனவற்றின் உடம்பிலும் எச்சத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அது படுத்தி எடுத்துவிடும். கரைச்சுவரில் கிடக்கும் எச்சத்தைக் கழுவிவிட்டுப் பிறகு விளையாட விடுங்கள், உள்ளே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். ஒரு பைனாகுலரும் கலர் பென்சிலும் கொடுங்கள், தடவுகிற ஆசை பாதி அடங்கும்.

இன்னொன்று. குளிர் நாளில், ஏழெட்டு டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால், இகுவானா விறைத்து மரத்திலிருந்து விழும். 2020 ஜனவரியில் மயாமி வானிலை அலுவலகமே "இகுவானா விழலாம், ஜாக்கிரதை" என்று சொன்னது. செத்துவிட்டது என்றோ பாவம் என்றோ போர்வையில் சுற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடாதீர்கள். கதகதப்பு பட்டதும் விழித்துக்கொண்டு மிரண்டு, வாலையும் நகத்தையும் சுழற்றும். மரத்தடியில் மட்டும் அன்றைக்கு நாற்காலி போட வேண்டாம்.

செம்பருத்திக்கு ஒரே வழிதான். அதைத் தொட்டியோடு வலையடித்த பின்திண்ணைக்குள் தூக்கி வைத்துவிடுங்கள். வெளியே வைக்கச் செடி வேண்டுமென்றால் குரோட்டன்ஸ் வையுங்கள், அதை இகுவானா பெரும்பாலும் சீண்டாது.