பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு: எம்.எஸ்சி.யா, பி.எட்.டா, டி.என்.பி.எஸ்.சி.யா?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் தமிழ்வழியில் படிக்கிறேன். ஐந்தாம் செமஸ்டர் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. இதுவரை 71 சதவீதம். மூன்றாம் செமஸ்டரில் ஒரு பேப்பர் அரியர் இருக்கிறது. அப்பா குத்தகை நிலத்தில் விவசாயம் செய்கிறார். நாங்கள் எம்.பி.சி. பிரிவு. வீட்டில் பி.எட். முடித்து டீச்சராகச் சொல்கிறார்கள். தோழிகள் டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங் சேரக் கூப்பிடுகிறார்கள். எனக்கு எம்.எஸ்சி. படிக்க ஆசை. ஐ.ஐ.டி.யிலும் எம்.எஸ்சி. இருக்கிறது என்று சீனியர் அக்கா ஒருவர் சொன்னார். எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படி விண்ணப்பிப்பது?

பதில்: மூன்றையும் ஒன்றுக்கொன்று போட்டியாக வைத்துக் குழம்ப வேண்டாம். இது வரிசை பற்றிய கேள்வி. எதை முதலில் செய்தால் மற்ற இரண்டும் கைவிட்டுப் போகாமல் இருக்கும் என்று பார்த்தால், எம்.எஸ்சி.தான் முதலில் வருகிறது.

காரணம் இது. பி.எஸ்சி.யோடு பி.எட். முடித்தால் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளிலும், அதன்பின் போட்டித் தேர்விலும் தேறிப் பட்டதாரி ஆசிரியர் பணிக்குப் போகலாம். மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் எடுக்கும் முதுகலை ஆசிரியர் பணிக்கு எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் சேர்ந்து வேண்டும். எம்.எஸ்சி.க்குப் பிறகு பி.எட். படித்தால் இரண்டு பணிக்குமே நீங்கள் தகுதியானவர். பி.எட். இப்போது இரண்டு ஆண்டுப் படிப்பு. அதை முதலில் முடித்துவிட்டால் வீட்டுச் சூழல் மறுபடி இரண்டு ஆண்டு எம்.எஸ்சி.க்கு விடுமா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் விடுவதில்லை.

டி.என்.பி.எஸ்.சி. எங்கும் ஓடிவிடாது. குரூப் 2 போன்ற பட்டப்படிப்புத் தகுதித் தேர்வுகளில் பி.சி., எம்.பி.சி., எஸ்சி, எஸ்டி பிரிவினருக்குப் பெரும்பாலான பதவிகளுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. நுழைவுத் தேர்வுகளுக்கோ, மூன்றாம் ஆண்டில் படித்த பாடம் சூடாக இருக்கும்போது எழுதுவதுதான் லாபம். இரண்டு ஆண்டு கழித்து மறுபடி தொட்டால் வெக்டர் கால்குலஸ் அந்நியமாகத் தெரியும்.

தமிழ்வழி இட ஒதுக்கீடு பற்றிப் பயம் இருக்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீதம், அந்தப் பதவிக்குக் கேட்கப்படும் கல்வித் தகுதி வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருந்தால் கிடைப்பது. பள்ளியும் தமிழ்வழி என்றால், நீங்கள் ஆங்கிலவழியில் எம்.எஸ்சி. படித்தாலும் டிகிரி தகுதியுள்ள குரூப் 2 போன்றவற்றில் அந்தச் சலுகை அப்படியே நிற்கும். முதுகலை ஆசிரியர் பணியில் மட்டும் கிடைக்காது. அதற்காக எம்.எஸ்சி.யை விடுவது சரியல்ல.

இனி விண்ணப்பம். இதில்தான் நம் கிராமப்புறக் கல்லூரி மாணவர்கள் ஆண்டுதோறும் வீணாகத் தோற்கிறார்கள். அறிவில் குறையில்லை, தேதி தெரிவதில்லை. ஆறாம் செமஸ்டர் பரீட்சை முடியட்டும், மே மாதம் யோசிக்கலாம் என்று இருப்பவர்களுக்கு ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி. (இந்திய அறிவியல் கழகம்), என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம் எல்லாமே அதற்குள் மூடியிருக்கும். உங்களுக்கு முடிவெடுக்கும் மாதம் செப்டம்பர்.

சீனியர் அக்கா சொன்ன ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.க்கு ஜாம் என்ற தேர்வு. விண்ணப்பம் வழக்கமாக செப்டம்பரில் திறந்து அக்டோபரில் முடியும், தேர்வு பிப்ரவரியில். பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் கட்டணம் பாதி. இதே மதிப்பெண்ணை வைத்துத்தான் திருச்சி என்.ஐ.டி. உள்ளிட்ட என்.ஐ.டி.க்களில் எம்.எஸ்சி. இடமும், பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் எம்.எஸ்சி.யையும் பி.எச்டி.யையும் சேர்த்துப் படிக்கும் ஒருங்கிணைந்த பி.எச்டி. வாய்ப்பும் வருகின்றன. மதிப்பெண் அந்த ஓர் ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டுமே செல்லும்.

தேர்வு எழுதியதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பது அடுத்த பெரிய தவறு. ரிசல்ட் வந்த பிறகு ஐ.ஐ.டி. சேர்க்கைக்குத் தனியாக ஒரு விண்ணப்பம் போட்டு, இடங்களை விருப்ப வரிசைப்படி கொடுக்க வேண்டும். என்.ஐ.டி.க்கு சி.சி.எம்.என். என்ற வேறு கவுன்சலிங், அதற்கு வேறு பதிவு. ஐ.ஐ.எஸ்சி.க்கும் தனி விண்ணப்பம். நல்ல ரேங்க் வாங்கியும் இந்தப் பதிவுகளைத் தவறவிட்டால் இடம் கிடையாது. அத்துடன், பட்டப்படிப்பில் கணிதத்தை எத்தனை ஆண்டு படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இடத்துக்கு இடம் மாறும். உங்கள் அலைட் மேத்ஸ் எத்தனை செமஸ்டர் என்று மார்க் ஷீட்டைப் பார்த்து, தகவல் கையேட்டின் தகுதி அட்டவணையோடு ஒப்பிட்டு, பொருந்தும் இடங்களை மட்டும் பட்டியலிடுங்கள்.

தாள் எப்படி இருக்கும்? மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். முதல் பகுதியில் ஒரு விடை மட்டும் சரியான 30 கேள்விகள்: பத்து ஒரு மார்க், இருபது இரண்டு மார்க். தவறினால் கேள்வியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு கழியும். இரண்டாம் பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கக்கூடிய பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றும் இரண்டு மார்க். சரியானவை எல்லாவற்றையும் குறித்தால்தான் மார்க், அரைகுறைக்கு எதுவும் இல்லை, தவறினால் கழிவும் இல்லை. மூன்றாம் பகுதி 20 கேள்வி, 30 மார்க். விடையாக ஓர் எண்ணைத் திரையில் நீங்களே தட்ட வேண்டும். இங்கும் கழிவு இல்லை. ஆகவே கடைசி இரண்டு பகுதிகளில் ஒரு கேள்வியையும் வெறுமனே விடாதீர்கள். முதல் பகுதியில் கொடுத்த நான்கு விடைகளில் ஒன்றையாவது தவறு என்று நிச்சயமாக நீக்க முடிந்தால் ஊகித்து எழுதுவது லாபம். எதையுமே நீக்க முடியாவிட்டால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

பல்கலைக்கழகப் பரீட்சைக்குப் படிக்கும் முறை இங்கே ஏன் பலிக்காது என்பதற்கு ஒரு கேள்வி போதும். செமஸ்டரில் "ஸ்டெஃபான் விதியை வருவி" என்று பத்து மார்க்குக்குக் கேட்பார்கள். நுழைவுத் தேர்வில் இப்படி வரும்: கரும்பொருள் ஒன்றின் கெல்வின் வெப்பநிலை 10 சதவீதம் உயர்ந்தால் அது வீசும் கதிர்வீச்சுத் திறன் எத்தனை சதவீதம் கூடும்? வெப்பநிலையின் நான்காம் படி என்பது தெரிந்தவர் அவசரத்தில் நான்கு பத்து நாற்பது என்று போட்டுவிடுவார். மாற்றம் மிகச் சிறியதாக இருந்தால்தான் அந்தக் குறுக்குவழி செல்லும். 1.1-ஐ நான்கு முறை பெருக்கினால் 1.4641. விடை 46.41. எண்ணைத் தட்டும் பகுதியில் 40 என்றால் சுழியம்தான். விதி தெரிந்திருந்தும் மார்க் போகும் இடம் இது. வருவிப்பை மனப்பாடம் செய்யும் நேரத்தில் பாதியைக் கணக்குப் போடுவதற்கு மாற்றுங்கள். கால்குலேட்டர் கொண்டுபோக விட மாட்டார்கள், திரையில் இருப்பதை மவுஸால் அழுத்த வேண்டும். அது மெதுவாகத்தான் நகரும். ஜாம் இணையதளத்தில் உள்ள மாதிரித் தேர்வில் முன்கூட்டியே பழகுங்கள்.

பாடத்திட்டம் பயப்படும்படி இல்லை. கணித முறைகள், இயந்திரவியல், அலைகளும் ஒளியியலும், மின்சாரமும் காந்தமும், வெப்ப இயக்கவியல், நவீன இயற்பியல், திண்மநிலையும் எலக்ட்ரானிக்ஸும் என்று பெரும்பாலும் நீங்கள் பி.எஸ்சி.யில் தொட்டவைதான். கணித முறைகளில் தொடங்குங்கள். வெக்டர், அணிகள், வகைக்கெழுச் சமன்பாடு கைக்குள் வந்தால் மற்ற பகுதிகள் வேகமாக நகரும். அதற்கு ஒரு மாதம். அடுத்த மூன்று மாதத்தில் இயந்திரவியல், மின்காந்தவியல், வெப்பம், நவீன இயற்பியல். மிச்சம் டிசம்பருக்குள். ஜனவரி முழுக்கப் பழைய வினாத்தாள்கள், கடிகாரம் வைத்து. வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரமாவது கணக்குப் போடாமல் இது நடக்காது. ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் இணையத்தில் பாடம் நடத்தும் என்.பி.டி.இ.எல். வீடியோக்கள் இலவசம்; பணம் கட்டிக் கோச்சிங் சேர்வது கட்டாயமில்லை.

மொழிதான் உங்களுக்கு உண்மையான தடை. தாள் ஆங்கிலத்தில் மட்டுமே. நிலைமத் திருப்புத்திறன் தெரிந்த மாணவி 'மொமெண்ட் ஆஃப் இனர்ஷியா' என்று பார்த்ததும் அரை நிமிடம் தடுமாறுவார். அறுபது கேள்வியில் அது பெரிய நேரம். ஒரு நோட்டுப் போட்டு, பாடத்தில் வரும் ஒவ்வொரு தமிழ்க் கலைச்சொல்லுக்கும் எதிரே ஆங்கிலச் சொல்லை எழுதி வாருங்கள். அத்துடன், 'நெக்லிஜிபிள்', 'இனிஷியலி அட் ரெஸ்ட்' போலக் கேள்விகளில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களையும். இலக்கண ஆங்கிலம் தேவையில்லை. இந்தச் சொற்கள் போதும்.

ஜாமை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், உங்களுக்குப் பக்கமான புதுச்சேரிப் பல்கலைக்கழகம், ஹைதராபாத் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு க்யூட் பி.ஜி. தேர்வு. இது 75 கேள்வி. சரிக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிவு. கணக்குப் போட்டுப் பார்த்தால் இங்கே கண்மூடி ஊகித்தாலும் சராசரியில் சிறிது கூடத்தான் செய்யும். ஆகவே எதையும் விடாதீர்கள். இதிலும் மதிப்பெண் வந்தபின் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் தனித்தனியாகப் பதிய வேண்டும். ஆராய்ச்சியில் உறுதியான ஆர்வம் இருந்தால் ஜெஸ்ட் தேர்வையும் எழுதலாம். சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் பி.எஸ்சி. முடித்தவர்களை உதவித்தொகையோடு ஒருங்கிணைந்த பி.எச்டி.க்கு எடுக்கிறது. இவை எதுவும் அமையாவிட்டால் சென்னை, மதுரை காமராசர், பாரதிதாசன் பல்கலைக்கழகத் துறைகள், அதன்பின் அரசு கலைக் கல்லூரி எம்.எஸ்சி. உங்கள் ஊர்க் கல்லூரியில் படிப்பது தாழ்வில்லை. ஆனால் ஆய்வகமும் பாடம் எடுக்க ஆளும் இருக்கிறதா என்று ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

பட்டத்தின் பெயரில் கவனம் வேண்டும். மெட்டீரியல் சயின்ஸ், அப்ளைடு எலக்ட்ரானிக்ஸ் என்று கவர்ச்சியான எம்.எஸ்சி.க்கள் உண்டு. ஆசிரியர் தேர்வு வாரியம் முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் அதே பாடத்தில், அல்லது அதற்கு இணையானதில் கேட்கிறது. உங்கள் பட்டம் இயற்பியலுக்கு இணை என்று அரசாணை இல்லாவிட்டால், தேர்வில் பாஸ் செய்தும் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுபோகும். ஆசிரியர் பணி உங்கள் மனதில் இருக்கிற வரை 'எம்.எஸ்சி. இயற்பியல்' என்றே இருக்கட்டும். தெரிந்தே விலகலாம் என்றால் மெடிக்கல் ஃபிசிக்ஸ் நல்ல திசை. புற்றுநோய் மருத்துவமனைகளில் கதிர்வீச்சு அளவைத் திட்டமிட்டுச் சரிபார்ப்பவர்கள் அவர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பு உண்டு. எங்கே சேர்ந்தாலும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கேட்கும் தகுதிக்கு அது பொருந்துகிறதா, ஓராண்டு இன்டர்ன்ஷிப்புக்கு ஏற்பாடு உண்டா என்று முதலில் கேளுங்கள்.

எம்.எஸ்சி. இயற்பியலுக்குப் பிறகு ஆசிரியர் பணி மட்டுமே என்று வீட்டில் நினைத்தால், விஞ்ஞானிப் பணிக்கு ஆள் எடுக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளியைக் காட்டுங்கள். எம்.எஸ்சி. இயற்பியலில் 60 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் பி.எச்டி. படிக்கும்போதே மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி.

செலவு பற்றி: ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கல்வி உதவி தருகிறது. சேர்ந்ததும் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையின் அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பியுங்கள்.

இந்த மாதமே மூன்று வேலைகள். முதலாவது ஓ.பி.சி. சான்றிதழ். உங்களிடம் உள்ள எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (இட ஒதுக்கீடு கிடைக்காத வசதி படைத்த பிரிவில்) இல்லை என்று சொல்லும் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும், அதுவும் நடப்பு நிதியாண்டில் வாங்கியது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். உங்கள் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாமே அங்கே இல்லை. வருமான வரம்பு 8 லட்சம், அதில் விவசாய வருமானம் சேராது.

இரண்டாவது பெயர். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, வங்கிக் கணக்கில் வேறு எழுத்து என்று இருந்தால் விண்ணப்பத்திலும் உதவித்தொகையிலும் சிக்கும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடி ஆதாரை இப்போதே திருத்துங்கள்.

மூன்றாவது அரியர். அரியர் இருந்தாலும் நுழைவுத் தேர்வு எழுதலாம், ஆனால் சேரும் இடம் சொல்லும் தேதிக்குள் பட்டம் முடித்த சான்று கொடுத்தாக வேண்டும். ஏப்ரலில் எழுதினால் ஆறாம் செமஸ்டர் தாள்களோடு மோதும், ரிசல்ட்டும் தள்ளிப்போகலாம். வரும் நவம்பரிலேயே அந்தப் பேப்பரை முடியுங்கள். கட்டணம் கட்டும் கடைசித் தேதியைத் துறை அலுவலகத்தில் நாளையே கேட்டு வையுங்கள்.