முதலில் யார் கை நீட்டுவது?

கேள்வி: நொடித்துப்போன விமான நிறுவனத்தில், ஊழியர்கள் சம்பளக் குறைப்புக்கு ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்ட பிறகுதான் பணம் போடுவேன் என்கிறாரே முதலீட்டாளர், இது மிரட்டல் இல்லையா?

பதில்: மிரட்டல்தான். ஆனால் கணக்கோடு கூடிய மிரட்டல். எரிபொருள் விற்பவர் விலையைக் குறைக்க மாட்டார். விமானத்தை வாடகைக்கு விட்டவரோ, பாக்கி வைத்தால் விமானத்தையே ஓட்டிக்கொண்டு போய்விடுவார். கை வைக்க மிஞ்சுவது சம்பளம். தான் போடும் பணம் பழைய செலவிலேயே கரைந்துவிடக் கூடாது என்று அவர் நினைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு உறுத்துவது வரிசை. ஊழியர் விட்டுக்கொடுத்தது அடுத்த மாதச் சம்பளச் சீட்டிலேயே தெரிந்துவிடும். முதலீட்டாளரின் பணம் 'நிபந்தனைகள் நிறைவேறினால்' வரும். நான் சங்கப் பொருளாளராக இருந்த தொழிற்சாலையில் (விமானமெல்லாம் இல்லை, போல்ட், நட்டு சமாசாரம்) இரண்டு வருடச் சம்பள உயர்வை விட்டுக்கொடுக்க ஓட்டெடுத்தோம். சீட்டுகளைப் பிரித்து எண்ணியவன் நான். 'சரி' என்பதுதான் ஜெயித்தது. வருவதாகச் சொன்ன புதுப் பங்குதாரர் மட்டும் வரவே இல்லை.

இன்னொன்று, மேலே இருப்பவர்கள் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். 2003 ஏப்ரலில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் திவால் மனுவின் விளிம்பில் நின்றது. ஆண்டுக்கு 180 கோடி டாலர் மிச்சப்படுத்த ஊழியர்களிடம் வந்தார்கள். விமானிகள் ஒப்புக்கொண்டார்கள், மெக்கானிக்குகளும் தரைப் பணியாளர்களும் ஒப்புக்கொண்டார்கள். கேபின் ஊழியர்கள் முதலில் 'முடியாது' என்றார்கள். ஓட்டெடுப்பை ஒரு நாள் நீட்டித்து 'சரி' வாங்கினார்கள். அந்தக் கையோடு வெளியே வந்தது சேதி: உயர் அதிகாரிகளுக்கு, நிறுவனத்தை விட்டுப் போகாமல் இருப்பதற்காகப் பெரிய போனஸ், நிறுவனம் திவாலானாலும் பறிபோகாதபடி அவர்களின் ஓய்வூதியத்துக்குத் தனி நிதி. தலைவர் டொனால்ட் கார்ட்டி அந்த மாதமே பதவி விலகினார். போனஸும் ரத்தானது. இதை ஓட்டுக்கு முன்னால் சொல்லியிருந்தால் அந்த ஒரு நாள் நீட்டிப்பு போதியிருக்குமா?

கேள்வி: 'முடியாது' என்றே ஓட்டுப் போட்டால் என்ன ஆகும்?

பதில்: இத்தாலியின் விமான நிறுவனமான அலிடாலியாவைப் பாருங்கள். 2017 ஏப்ரலில் இத்தாலியில் ஓட்டெடுப்பு. சராசரி 8 சதவீதச் சம்பளக் குறைப்பு, ஆட்குறைப்பு. ஒப்புக்கொண்டால் 200 கோடி யூரோ மறுமுதலீடு. 49 சதவீதப் பங்கு அபுதாபியின் எத்திஹாத் விமான நிறுவனத்திடம் இருந்தது. 67 சதவீத ஊழியர்கள் நிராகரித்தார்கள். எத்தனை தடவை தூக்கி நிறுத்திய நிறுவனம், அரசாங்கம் சாக விடாது என்று பலரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கை பாதி பலித்தது. மே மாதமே அரசு நியமித்த நிர்வாகிகளின் கைக்குப் போய், அரசுக் கடனில் நான்கு வருடம் பறந்தது. கடைசி விமானம் 2021 அக்டோபர் 14. மறுநாள் ஐடிஏ என்ற புது நிறுவனம் கிளம்பியபோது அதில் ஏறத்தாழ 2,800 பேருக்குத்தான் இடம். பழையதில் இருந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல்.

அமெரிக்காவில் இன்னொரு கத்தியும் தொங்குகிறது. திவால் நீதிமன்றத்துக்குப் போய்விட்டால், நிறுவனம் கேட்டு, நீதிபதியும் ஒப்புக்கொண்டால், தொழிற்சங்க ஒப்பந்தத்தையே தள்ளிவிடலாம். 'இப்போது இவ்வளவு கொடு, அங்கே போனால் இன்னும் கொடுப்பாய்' என்ற பேச்சுக்குப் பலம் அதிலிருந்துதான்.

கேள்வி: சம்பளத்துக்குப் பதில் பங்கு கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: 1994இல் அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் ஊழியர்கள் வாங்கிக்கொண்டார்கள், நிறுவனத்தின் 55 சதவீதம். 2002 டிசம்பரில் நிறுவனம் திவால் மனு போட்டது, கடைசியில் அந்தப் பங்கு வெறும் காகிதமானது. வேலையும் சேமிப்பும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் மழை வரும்போது இரண்டும் நனையும். கேபின் ஊழியர்கள் மட்டும் அந்தத் திட்டத்தில் சேரவே இல்லை.