செஸ்டரைத் திட்டின ரசிகர் – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

பேர் போட வேண்டாம்னு முதல்லயே கேட்டுக்கறேன். ஹெவி மெட்டல் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் இறந்தப்ப நீங்க எழுதினதைப் படிச்சதுலேர்ந்து இதை எழுதணும்னு நினைச்சு நினைச்சு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். எனக்கு ஆஸி மேல பெரிய பிடிப்பெல்லாம் கிடையாது, என் ஆளு லிங்கின் பார்க்ங்கற அமெரிக்க ராக் பேண்டோட பாடகர் செஸ்டர் பென்னிங்டன். ஸ்கூல் முடிக்கற வயசுல யார்கிட்டயும் பேசாம ரூமை சாத்திக்கிட்டு ஹெட்ஃபோன்லயே கிடந்தவன் நான். அந்த ஆள் எனக்கு பதிலா கத்தலைன்னா இன்னைக்கு நான் இருந்திருப்பேனான்னே தெரியல, இதை சும்மா பில்டப்புக்கு சொல்லல.

2017 மே மாசம் 'ஒன் மோர் லைட்' ஆல்பம் வந்தப்ப எனக்கு செம கடுப்பு. கிட்டாரும் இல்ல கத்தலும் இல்ல, முழுக்க பாப். நீளமா ஒரு போஸ்ட் போட்டேன், காசுக்கு விலை போயிட்டான், இப்படி பாடறதுக்கு வீட்ல உக்காரலாம்னு. ஏகப்பட்ட லைக். ரெண்டே மாசத்துல ஜூலை 20 அவர் தற்கொலை பண்ணிக்கிட்டார். அன்னைக்கே போஸ்ட்டை டெலீட் பண்ணிட்டு கருப்பு படத்தை ப்ரொஃபைல்ல வச்சுட்டு ராத்திரி முழுக்க அழுதேன். சொந்தத்துல ஒரு சாவுக்குக்கூட நான் அப்படி அழுததில்ல, பார்த்தே இல்லாத ஒருத்தனுக்கு இவ்ளோவான்னு வீட்ல சிரிச்சாங்க. போஸ்ட் விஷயம் இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது.

எனக்கு அழ உரிமை இருக்காண்ணா? இன்னொன்னு, எத்தனையோ பேரைக் காப்பாத்தின குரல் அவரையே காப்பாத்தலைன்னா அந்தப் பாட்டெல்லாம் பொய்தானா? இப்ப புதுப் பாடகியோட பேண்ட் திரும்ப வந்திருக்கு, கேக்கவும் முடியல, கேக்காம இருக்கவும் முடியல.

இப்படிக்கு,
பெயர் வேண்டாம்

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்க போஸ்ட் அவரைக் கொல்லல. இதை முதல்லயே சொல்லிடறேன், இல்லைன்னா மீதி எதுவும் உங்க காதுல ஏறாது. செஸ்டர் சின்ன வயசுல பாலியல் கொடுமைக்கு ஆளானவர், குடியோடயும் போதையோடயும் பல வருஷம் மல்லுக்கட்டினவர், இதையெல்லாம் அவரே பேட்டிகள்ல ஒளிவுமறைவு இல்லாம சொல்லியிருக்கார். அந்த வருஷம் மே 18 அவரோட நெருங்கின நண்பர், ராக் பாடகர் கிறிஸ் கார்னெல் அதே மாதிரி தற்கொலை பண்ணிக்கிட்டார், மறுநாள்தான் நீங்க திட்டின ஆல்பமே ரிலீஸ். கார்னெல் இறுதிச்சடங்குல செஸ்டர்தான் பாடினார். அப்புறம் ஜூலை 20, அது கார்னெலோட பிறந்தநாள். இதுல ஒரு காரணத்தை மட்டும் தனியா உருவி எடுத்து இதனாலதான்னு சொல்ல டாக்டராலயே முடியாது, தற்கொலைங்கறது அப்படி ஒத்தை காரணத்துல நடக்கறதும் இல்ல.

அவர் மனைவி பிறகு ஒரு சின்ன வீடியோவை வெளியிட்டாங்க, நீங்க பார்த்திருப்பீங்க. சாவுக்கு 36 மணி நேரம் முன்னாடி எடுத்தது. குடும்பமா உக்காந்து ஜெல்லி மிட்டாய் விளையாட்டு விளையாடறாங்க, எந்த மிட்டாய் நல்ல டேஸ்ட்டா இருக்கும் எது கண்றாவியா இருக்கும்னு தெரியாம வாய்ல போடணும், ஒண்ணை மென்னுட்டு மூஞ்சியைச் சுளிச்சு விழுந்து விழுந்து சிரிக்கறார் மனுஷன். எங்களுக்கு டிப்ரஷன் இப்படித்தான் தெரிஞ்சுதுன்னு அவங்க எழுதியிருந்தாங்க. பக்கத்துல உக்காந்திருந்தவங்களுக்கே தெரியாதது எங்கயோ போஸ்ட் போட்ட உங்களுக்கு எப்படி தெரியும்?

ஆனா தட்டிக்கொடுத்து அனுப்பறதுக்கு நீங்க எழுதியிருக்க மாட்டீங்க. அதனால மிச்சத்தையும் சொல்றேன். கொலைக்குற்றம் இல்லைன்னு ஆனப்புறமும் அந்த போஸ்ட்ல பேச வேண்டிய ஒரு விஷயம் இருக்கத்தான் செய்யுது, அது உங்களோடது மட்டுமில்ல, ரசிகர்னு சொல்லிக்கற நம்ம எல்லாரோடதும்.

'கிவன் அப்' பாட்டு ஞாபகம் இருக்கா, 2007 ஆல்பத்துல வந்தது. அதுல ஒரு இடத்துல 17 செகண்ட் ஒரே மூச்சுல கத்துவார். லைவ் வீடியோ பார்க்கறப்ப நாம என்ன பண்ணுவோம்? எண்ணுவோம். இந்த ஷோல 17 வந்துதா, அந்த ஷோல 15லயே விட்டுட்டாரா, வயசாயிடுச்சா, தொண்டை போச்சா. ஒரு மனுஷன் நரம்பு புடைக்க கத்தறான், நாம ஸ்டாப்வாட்ச் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். நமக்கு வயசு ஏறுது, வேலைக்குப் போறோம், கல்யாணம் பண்றோம், பழைய டிஷர்ட்டெல்லாம் பத்தாம போகுது, ஆனா அவர் மட்டும் 2000ல முதல் ஆல்பம் 'ஹைப்ரிட் தியரி' வந்தப்ப எந்தக் காயத்தைக் காட்டினாரோ அதை ஆறவிடாம அப்படியே வச்சிருக்கணும், நாம எப்ப கேட்டாலும் திறந்து காட்டணும். 2017ல உங்களுக்கு வந்த கோபம் இதுதான்னு நான் நினைக்கறேன். இசை மோசம்ங்கறது ரெண்டாம்பட்சம் (மோசம்னு சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கு, எனக்கும் அதுல பாதி பாட்டு தேறாது, என்னோடது எப்பவும் 2003ல வந்த 'மெடியோரா' தான்). அந்த ஆள் மெதுவா பாடினதுதான் உங்களை உறுத்தியிருக்கு. நீ ஏன் என் கூடவே அந்த இருட்டு ரூம்ல இல்ல, ஏன் கதவைத் திறந்துட்டு வெளிய போறேங்கற கோபம். அவரும் சும்மா இல்ல, எத்தனை நாளைக்குத்தான் முதல் ஆல்பத்தையே புடிச்சுட்டுத் தொங்குவீங்கங்கற மாதிரி பேட்டிகள்ல ரசிகர்கள் மேல எரிஞ்சு விழுந்தார், பாடகர்கள்லாம் மனசுல நினைக்கறதை அவர் வாய்விட்டு சொன்னார், அவ்வளவுதான்.

அழ உரிமை இருக்கான்னு கேட்டீங்க. திட்டினவனுக்கு அழ உரிமை இல்லைன்னா உலகத்துல யாருமே யாருக்கும் அழ முடியாது தம்பி. 1994 ஏப்ரல்ல நிர்வாணா பேண்ட் பாடகர் கர்ட் கோபேன் தற்கொலை பண்ணிக்கிட்டப்ப என்ன நடந்துச்சு பாருங்க. ஏப்ரல் 10 அவர் ஊரான அமெரிக்காவோட சியாட்டில்ல, சியாட்டில் சென்டர்ங்கற இடத்துல ஆயிரக்கணக்குல இளவட்டங்க கூடிட்டாங்க. அவர் மனைவி கோர்ட்னி லவ் பேசிப் பதிவு பண்ணின டேப்பை அங்க போட்டாங்க. அவர் எழுதி வச்சுட்டுப் போன கடிதத்தை அந்தம்மா வாசிக்கறாங்க, ஆனா வெறுமனே வாசிக்கல, ரெண்டு வரிக்கு ஒரு தடவை நிறுத்தி அவரையே திட்டறாங்க, அப்படின்னா ஏன்டா பாடினேங்கற மாதிரி எதிர்க்கேள்வி கேக்கறாங்க, அழறாங்க, திரும்ப வாசிக்கறாங்க. ஒரு கட்டத்துல கூட்டத்தைப் பார்த்து அவனை கெட்ட வார்த்தைல திட்டுங்க, சத்தமா திட்டுங்கன்னு சொல்றாங்க, மொத்தக் கூட்டமும் திட்டுது. நம்மாளுங்க பார்த்தா என்ன சாவு வீட்ல இப்படியான்னு கேப்பாங்க. ஆனா சியாட்டில்ல பிறகு ஆராய்ச்சி பண்ணிப் பார்த்தப்ப, எல்லாரும் பயந்த மாதிரி தற்கொலைகள் ஏறல, நெருக்கடி உதவி லைனுக்கு வந்த போன்கள்தான் ஏறியிருந்துச்சு. அவர் சாவை யாரும் புனிதமாக்காம அந்தம்மா அப்படி பச்சையா கோபத்தைக் காட்டினதும் ஒரு காரணமா இருக்கலாம்னு அதை ஆராய்ஞ்சவங்களே சொல்றாங்க. உங்க கோபமும் அழுகையும் எதிரெதிர் கட்சின்னு நினைச்சுட்டுதான் எட்டு வருஷத்துக்கு மேல பொத்தி வச்சிருக்கீங்க. ரெண்டும் ஒரே கட்சிதான்.

வீட்ல சிரிச்சதைப் பெருசா எடுத்துக்காதீங்க. பார்க்காதவனுக்கு அழறது புதுசு ஒண்ணும் இல்ல. சோவியத் ராக் பாடகர் விக்டர் ட்சோய் 1990ல கார் விபத்துல செத்தார், மாஸ்கோ அர்பாத் தெருவுல ஒரு சுவர் முழுக்க 'ட்சோய் உயிரோட இருக்கான்'னு எழுதி வச்சாங்க, இன்னைக்கும் அது ட்சோய் சுவர்தான். குயீன் பேண்ட் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி 1991 நவம்பர் 24 இறந்த பிறகு அவரோட லண்டன் வீட்டுச் சுவர்லயும் கதவுலயும் ரசிகர்கள் வருஷக்கணக்கா எழுதிட்டே இருந்தாங்க. இவங்கள்ல எத்தனை பேரு அவங்களோட கைகுலுக்கியிருப்பாங்க? போற போக்குல ஒண்ணு, ஆஸி ரசிகர்கள் இந்த விஷயத்துல கொடுத்து வச்சவங்க. 2025 ஜூலை 5 அவர் பிறந்த பர்மிங்காம்லயே சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலில உக்காந்து பாடி, கூட்டம் அவருக்கு டாட்டா காட்டி, சரியா 17 நாள்ல போய்ச் சேர்ந்தார். விடை கொடுக்க ஒரு நாள் கிடைச்சுது அவங்களுக்கு. உங்களுக்குக் கிடைக்கல, அதான் இன்னும் அடங்க மாட்டேங்குது.

இல்ல, கிடைச்சுதுன்னும் சொல்லலாம். 2017 அக்டோபர் 27 லாஸ் ஏஞ்சலஸ்ல ஹாலிவுட் போல்ங்கற திறந்தவெளி அரங்குல பேண்ட் ஒரு அஞ்சலி நிகழ்ச்சி நடத்தினாங்க, யூட்யூப்ல நேரலையா போச்சு. நீங்க பார்த்தீங்களான்னு கடிதத்துல இல்ல, பார்த்திருக்க மாட்டீங்கன்னு தோணுது. 'நம்ப்' பாட்டை வாசிக்கறப்ப பாட யாரையும் கூப்பிடல. நடுவுல ஒரு மைக் ஸ்டாண்ட், பூ சுத்தியிருக்கு, மேல வெளிச்சம், ஆள் இல்ல. பின்னாடி பேண்ட் வாசிக்குது, கூட்டம் முதல் வரிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் தானே பாடுது. அங்கங்க சுருதி விலகுது, பல பேருக்கு அழுகைல குரல் உடையுது, ஆனா யாரும் நிறுத்தல. பேண்டோட இன்னொரு பாடகர் மைக் ஷினோடாவும் அன்னைக்கு ஒரு புதுப் பாட்டை பியானோல வாசிச்சுப் பாடினார், செஸ்டர் போன கொஞ்ச நாள்லயே எழுதினது. அவருக்கும் பதில் தெரியல, பதில் தேடறேன்னுதான் பாடினார். கூடவே பல வருஷம் மேடைல நின்ன ஆளுக்கே அவ்ளோதான்.

அடுத்து பாட்டெல்லாம் பொய்யான்னு கேட்டீங்க. குழப்பம் எங்கன்னா, வலியைப் பாடிட்டா வலி போயிடும்னு நாமளா ஒரு கணக்குப் போட்டு வச்சிருக்கோம். அவர் எங்கயும் அப்படி சொல்லல. முதல் ஆல்பத்துல வந்த 'க்ராலிங்' பாட்டு, போதைல தன் மேலயே தனக்கு கட்டுப்பாடு இல்லாம கிடந்ததைப் பத்தினதுன்னு அவரே சொல்லியிருக்கார். அது அவர் நிலைமையைப் பத்தின ஒரு தகவல், தீர்வு இல்ல. அந்தத் தகவல் உங்க ரூமுக்கு வந்துச்சு, நம்மள மாதிரி இன்னொருத்தனும் இருக்கான்னு உங்களுக்குத் தெரிஞ்சுது, உங்களுக்கு அன்னைக்கு அது போதுமா இருந்துச்சு. அவருக்கு அது போதல, அவருக்கு வேற என்னென்னவோ தேவைப்பட்டுச்சு. காய்ச்சல்ல கிடக்கற நர்ஸ் கொடுத்த மருந்துல நீங்க பிழைச்சீங்க, அதுக்காக மருந்தை பொய்ங்கறதா?

அப்புறம் தயவு செஞ்சு 'ஒன் மோர் லைட்'டை அவரோட கடைசிக் கடிதமா படிக்காதீங்க. எல்லாரும் அதைத்தான் பண்றாங்க, ஒவ்வொரு வரியையும் கிளறி பார்த்தியா அப்பவே சொல்லியிருக்கான்னு. பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி விஷயத்துல அதுக்கு இடம் இருக்கு, புற்றுநோய்னு தெரிஞ்சே பண்ணின ஆல்பம், 2016 ஜனவரி 8 ரிலீஸ், 10ஆம் தேதி போயிட்டார். இங்க அப்படி இல்ல. அந்தத் தலைப்புப் பாட்டு ரெக்கார்ட் கம்பெனில கூட வேலை பார்த்த ஒரு தோழி புற்றுநோய்ல இறந்ததுக்காக எழுதினது, எழுதினதுல ஷினோடாவும் உண்டு. அதாவது துக்கத்துல இருக்கறவங்க பாடின பாட்டு அது, கார்னெல் போன அன்னைக்கே டிவி நிகழ்ச்சில அவருக்குன்னு சொல்லி செஸ்டர் அதைப் பாடினார். நீங்க இப்ப எந்த இடத்துல இருக்கீங்களோ அந்த இடத்துலேர்ந்து பாடினது. திட்டினதோட சரி, அதுக்கப்புறம் அந்த ஆல்பத்தை நீங்க தொட்டிருக்கவே மாட்டீங்கன்னு பந்தயமே கட்டுவேன். ஸ்டூடியோ ஆல்பம் வேண்டாம், அந்த டூர்ல பதிவு பண்ணி டிசம்பர்ல வெளியிட்ட லைவ் ஆல்பம் இருக்கு, அதுல 'க்ராலிங்' கேளுங்க. கத்தல் இல்ல, பியானோ மட்டும், மெதுவா. நீங்க ஸ்கூல் வயசுல கேட்ட அதே வரிகளை 41 வயசு ஆள் கத்தாம பாடறார். அப்பவும் பிடிக்கலைன்னா தாராளமா திட்டி ஒரு போஸ்ட் போடுங்க, இந்த தடவை டெலீட் பண்ணாதீங்க.

புதுப் பாடகி எமிலி ஆர்ம்ஸ்ட்ராங் வந்தது பத்தி எனக்கு பெரிய அபிப்ராயம் இல்ல. ஏழு வருஷம் கழிச்சு 2024ல அவங்க திரும்ப வந்தது அவங்க பிழைப்பு, அவங்க முடிவு. கேக்கணும்னு தோணினா கேளுங்க, துரோகம்லாம் பெரிய வார்த்தை. தோணலைன்னா விட்டுடுங்க, உங்க கிட்ட இருக்கற பழைய பாட்டை யாரும் திருப்பிக் கேக்கப் போறதில்ல.

கடைசியா ஒண்ணு. அந்த ஆள் கத்தலைன்னா இன்னைக்கு இருந்திருப்பேனான்னு தெரியலன்னு எழுதிட்டு அடுத்த வரில ஆல்பத்துக்குத் தாவிட்டீங்க. அது அந்தக் காலத்தோட முடிஞ்சுதா, இல்ல இப்பவும் அப்பப்ப வருதா? வருதுன்னா பாட்டு போட்டுக் கேட்டா மட்டும் போதாது, இன்னைக்கே வீட்ல இருக்கறவங்ககிட்ட சொல்லுங்க, டாக்டரைப் பாருங்க, ராத்திரி ரெண்டு மணின்னா உங்க ஊர் ஹெல்ப்லைனுக்கு போன் போடுங்க, அதுக்குத்தான் அங்க ஆள் உக்காந்திருக்காங்க. போஸ்ட் விஷயத்தையும் வீட்ல சொல்லிடுங்க, கேட்டா சிரிக்க மாட்டாங்கன்னுதான் நினைக்கறேன். இதுக்கு மட்டும் எனக்கு தனியா பதில் போடுங்க, அதை இங்க வெளியிட மாட்டேன்.

அன்புடன்