கழுத்தில் நெறி, கம்மிய குரல்: பிள்ளைக்குத் தொண்டைப் புற்றுநோயா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. இரண்டு மாதமாகக் கழுத்தில் இடது காதுக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறது. வலி இல்லை. ஒரு மாதமாகக் குரலும் கம்மிவிட்டது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம், தொக்கமும் எடுத்துப் பார்த்தோம், கரையவில்லை. தொண்டைப் புற்றுநோயாக இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். அவன் அப்பா பீடி பிடிப்பவர். அதனால் வந்திருக்குமா? எங்கே காட்டுவது?
— ஒரு தாய், பாலக்கோடு

பதில்: அம்மா, பெரியவர்களுக்கு வரும் தொண்டைப் புற்றுநோய் பல ஆண்டுப் புகையிலை, மதுப் பழக்கத்தால் மெல்ல உருவாவது. 14 வயதில் அது மிக மிக அரிது. அப்பாவின் பீடியால் வந்ததோ என்று நீங்கள் இருவரும் மனம் நோக வேண்டாம். ஆனால் வீட்டுக்குள் புகை இருந்தால் பிள்ளையின் தொண்டைக்குக் கெடுதல். விட நினைத்தால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் அவருக்கு உதவி கிடைக்கும்.

குரல் கம்மலைப் பொறுத்தவரை, இது ஆண் பிள்ளைக்குக் குரல் உடையும் வயது. விளையாட்டில் கத்திக் கத்திக் குரல்நாணில் காய்ப்பு விழுவதும் உண்டு. எச்.பி.வி. என்ற வைரஸால் குரல்வளையில் மருக்கள் வளர்வதையும் பார்க்கிறோம். அது புற்றுநோய் அல்ல. மூன்று வாரம் தாண்டிய கம்மல் என்பதால் குரல்வளையை ஒருமுறை நேரடியாகப் பார்த்துவிட வேண்டும். மூச்சு விடும்போது சத்தம் வந்தாலோ திணறினாலோ அன்றைக்கே ஓட வேண்டும்.

எனக்குக் கவலை தருவது குரலைவிட அந்த நெறிதான். பிள்ளைகளுக்கு நெறி கட்டுவது சாதாரணம். சொத்தைப் பல், டான்சில், தலையில் பேன் கடித்த புண் என ஏதாவது ஒன்று இருக்கும். அது ஆறினால் நெறியும் சில வாரங்களில் சுருங்கும். இரண்டு மாதமாகியும் சுருங்காத, வலிக்காத நெறியை அப்படி விட முடியாது. நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது காசநோய். நுரையீரலில் எதுவும் இல்லாமல் கழுத்து நெறியில் மட்டும்கூட அது வரும். அடுத்தது நிணநீர்ப் புற்றுநோயான லிம்போமா. மூன்றாவது, மூக்குக்குப் பின்னால் தொண்டையின் மேல்பகுதியில் வரும் புற்று. அரிதுதான், ஆனால் வளரிளம் பருவத்தினரையும் அது தாக்கும். பல நேரம் முதல் அறிகுறியே கழுத்து நெறிதான்.

அதனால் மகனிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். ஒரு பக்கக் காது அடைத்தது போல் இருக்கிறதா? மூக்கில் அடிக்கடி ரத்தம் வருகிறதா? ஒரு பக்க மூக்கு எப்போதும் அடைத்திருக்கிறதா? இரவில் சட்டை நனைய வியர்க்கிறதா? இந்த வயதுப் பையன்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். எடை குறைந்தாலும், நெறி 2 செ.மீ.க்கு மேல் இருந்தாலும், கல் போல் இறுகியிருந்தாலும், காறை எலும்புக்கு மேலே இன்னொன்று தென்பட்டாலும் ஒரு நாளும் தள்ளாதீர்கள்.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்தினர் அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். பல், தலை, தொண்டை எல்லாம் பார்த்துவிட்டு, மூக்கு வழியாகக் கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டு உள்ளே பார்ப்பார்கள் (எண்டோஸ்கோப்பி). அதற்குப் பிறகே நெறியில் கை வைப்பது முறை. மூக்கின் பின்புறம் கட்டி இருந்தால் அங்கிருந்தே சதை எடுத்துச் சோதிக்கலாம். கழுத்தைக் கீற வேண்டியிருக்காது. அங்கே ஒன்றும் இல்லையென்றால் நெறியில் ஊசி வைத்துச் சோதிப்பார்கள். காசநோய்க் கிருமி உள்ளதா என்று அந்த மாதிரியிலேயே சிபிநாட் சோதனையும் செய்யக் கேளுங்கள். லிம்போமா என்று சந்தேகம் வந்தால் ஊசிச் சோதனை போதாது, நெறியை முழுதாக எடுத்துச் சதைச் சோதனை (பயாப்சி) செய்ய வேண்டும். கத்தி பட்டால் புற்று பரவும் என்று யாராவது தடுத்தால் கேட்காதீர்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சோதனை முடியும் முன் வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ கொடுக்க வேண்டாம். லிம்போமா இருந்தால் நெறி தற்காலிகமாகச் சுருங்கி, எல்லோரையும் ஏமாற்றிவிடும். பயாப்சியிலும் நோய் பிடிபடாமல் போகலாம். சோதிக்காமலே காசநோய் மருந்தைத் தொடங்கி மாதங்களைத் தொலைப்பதும் அதே போன்ற இழப்புதான். தொக்கம் எடுப்பது, பச்சிலை கட்டுவது, சூடு போடுவது எல்லாவற்றையும் இன்றோடு நிறுத்துங்கள்.

புற்றுநோய் என்றே வந்தாலும் பிள்ளைகளின் உடல் சிகிச்சைக்கு நன்றாக இணங்கும். லிம்போமாவில் ஒரு வகையான ஹாட்ஜ்கின் லிம்போமா வந்த பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேர்வரை குணமாகிறார்கள். மேல்சிகிச்சைக்கு 1954-இல் தொடங்கப்பட்ட சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் வேலூர் சி.எம்.சி.யும் இருக்கின்றன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை கிடைக்கும். குடும்ப அட்டையையும் வருமானச் சான்றையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

இந்த வாரமே கிளம்புங்கள், அம்மா. போகும்போது மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துப் போங்கள். தூக்கிப் போட்டிருந்தால் கடைக்காரரிடம் பெயரை எழுதி வாங்குங்கள். அதில் ஸ்டீராய்டு இருந்ததா என்பதுதான் மருத்துவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது.